வாட்டுக்கு எத்தனை டிகிரி?

என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு 2021 பிப்ரவரியில் சந்தைக்கு வந்தது. இந்தியாவில் அறிவிக்கப்பட்ட தொடக்க விலை 29,500 ரூபாய். அமெரிக்காவில் 329 டாலர். அது எடுக்கும் மின்சாரம் 170 வாட். அதன் சிப்பின் பரப்பு 276 சதுர மில்லிமீட்டர். ஒரு ரூபாய் நாணயத்தின் முகத்தைவிடச் சிறியது. நிறுவனம் குறித்திருக்கும் உச்ச வெப்பநிலை 93 டிகிரி (இக்கட்டுரையில் டிகிரி என்பதெல்லாம் செல்சியஸ்). பாகம் பாகமாக வாங்கி வீட்டில் கட்டிய கேமிங் கணினிகளில் இன்றும் நிறைய ஓடிக்கொண்டிருக்கும் கார்டு இது என்பதால், கணக்கை இதை வைத்தே போடுகிறேன்.

93-க்கு முன்பே கவனிக்க வேண்டிய எண் 83. என்விடியா கார்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு மென்பொருள் வைத்திருக்கும் இலக்கு அதுதான். அதைத் தாண்டாமல் இருக்க, கார்டு தன் கடிகார வேகத்தை 15 மெகாஹெர்ட்ஸ் படிகளாக இறக்கும், ஃபேனை விரட்டும். விளையாட்டில் காட்சி திணறுவதும், கேபினெட் இரைவதும் இங்கிருந்து தொடங்குகின்றன. ஆக, நம் பட்ஜெட் 83 டிகிரி.

இந்தப் பட்ஜெட்டில் முதல் செலவு அறையினுடையது. கார்டுகளைச் சோதித்து எழுதுபவர்கள் பொதுவாக 20 முதல் 25 டிகிரி வரை உள்ள அறையில் சோதிக்கிறார்கள். 22 டிகிரி என்று வைத்தால், கார்டு செலவழிக்க மீதி இருப்பது 61 டிகிரி. சென்னையில் மே மாதச் சராசரி உச்ச வெப்பநிலை 37 டிகிரியை ஒட்டியது; 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 வரை போனது. ஏ.சி. இல்லாத அறை 37-ல் இருந்தால் மீதி 46 டிகிரி. 61-ல் 15 போய்விட்டது. கணினியை ஆன் செய்வதற்கு முன்பே பட்ஜெட்டில் 24.6 சதவீதம் காலி. விமர்சனத்தில் 68 டிகிரி காட்டிய கார்டு நம் வீட்டில் 83 காட்டினால், அது பழுது இல்லை, கழித்தல் கணக்கு.

அதனால்தான் வெப்பநிலையை மட்டும் பார்த்து கார்டைப் பற்றி எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்கிறேன். பார்க்க வேண்டியது வேறு ஓர் எண். கார்டின் வெப்பநிலையிலிருந்து அறை வெப்பநிலையைக் கழித்து, அந்நேரம் கார்டு எடுக்கும் வாட்டால் வகுக்க வேண்டும். 83-லிருந்து 37 போனால் 46. 46-ஐ 170-ஆல் வகுத்தால் 0.27. வாட்டுக்கு 0.27 டிகிரி. கோடையோ மார்கழியோ, கார்டு நலமாக இருந்தால் இந்த எண் பெரிதாக அசையாது. அசைந்தால் ஏதோ கெட்டிருக்கிறது. அறை, விளையாட்டு, மின்சாரம் மூன்றின் தாக்கத்தையும் கழித்துவிட்டு கார்டின் உடல்நிலையை மட்டும் காட்டும் எண் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

அளக்கச் செலவில்லை. ஜிபியு-இசட், எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருள்கள் வெப்பநிலை, வாட், ஃபேன் வேகம் மூன்றையும் காட்டுகின்றன. ஒரே விளையாட்டின் ஒரே காட்சியில் 20 நிமிடம் ஓடவிட்டு, வெப்பநிலை ஏறாமல் நின்ற பிறகு எண்களைக் குறிக்க வேண்டும். ஃபேன் வேகமும் ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருக்க வேண்டும். 60 சதவீதம் என்று கையால் நிறுத்திவிட்டு அளப்பது நல்லது. அறை வெப்பமானியைக் கேபினெட்டின் முன்புறம், காற்று உள்ளே போகும் இடத்தில் வைக்க வேண்டும். பழைய ஏஎம்டி கார்டுகளில் காட்டும் வாட் சிப்புக்கு மட்டுமானது, முழு கார்டுக்கானது அல்ல; ஆகவே ஒரு கார்டை அதனோடு மட்டுமே ஒப்பிட வேண்டும், பக்கத்து வீட்டுக் கார்டோடு அல்ல.

இப்போது கெட்ட கார்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 0.27 என்று இருந்தது நான்கைந்து ஆண்டுகளில் 0.33 ஆகியிருக்கிறது, 22 சதவீத ஏற்றம். 170 வாட்டில் 0.27 என்றால் 46 டிகிரி உயர்வு, 0.33 என்றால் 56 டிகிரி. வித்தியாசம் 10 டிகிரி. இந்தக் கார்டு உதகையில் 20 டிகிரி அறையில் 76 காட்டும்; யாருக்கும் புகார் இருக்காது. சென்னையில் 27 டிகிரி ஜனவரி இரவில் 83 காட்டும். அப்போதும் கவனிக்க மாட்டார்கள். மே மாதம் 37 டிகிரியில், வேகம் இறங்காமல் 170 வாட்டிலேயே ஓடினால், 93-ஐத் தொடும். "போன வாரம் வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு" என்று கோடையில் கார்டைக் கொண்டுவருபவர் சொல்வது உண்மைதான். ஆனால் பழுது போன வாரம் வந்ததல்ல. உச்ச வரம்பை மீறும் நாள் மட்டுமே போன வாரம் வந்தது.

இந்த 10 டிகிரி எங்கே போயிற்று? நான்கு இடங்களில் தேடலாம்: கேபினெட்டின் காற்று, கார்டின் தூசி, சிப்பின் மேல் உள்ள தெர்மல் பேஸ்ட், ஃபேன். தேடும் வரிசை, செலவு குறைந்ததிலிருந்து கூடியதை நோக்கிப் போக வேண்டும்.

முதல் சோதனைக்கு 0 ரூபாய். கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு அதே காட்சியை அதே 20 நிமிடம் ஓட்டவும். 8, 10 டிகிரி இறங்கினால் கோளாறு கேபினெட்டில். 1, 2 டிகிரி மட்டும் இறங்கினால் கார்டுக்குள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமலேயே ஃபேன் வாங்குபவர்களும், கேபினெட்டையே மாற்றுபவர்களும் உண்டு.

கேபினெட் விஷயத்தில் காற்றின் கணக்கு எளிது. கார்டுக்கு 170 வாட், ப்ராசஸருக்கும் மற்ற பாகங்களுக்கும் 110 வாட் என்று வைத்தால் மொத்தம் 280 வாட். 35 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்றின் எடை சுமார் 1.146 கிலோ, ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி சூடாக்க 1,005 ஜூல் வேண்டும். 280 வாட்டை வெளியேற்றும் காற்று 10 டிகிரிக்கு மேல் சூடாகாமல் இருக்க நொடிக்கு 0.0243 கனமீட்டர், அதாவது நிமிடத்துக்கு 51.5 கன அடி காற்று ஓட வேண்டும். 120 மில்லிமீட்டர் ஃபேன்களின் அட்டைப்பெட்டியில் பெரும்பாலும் 50 முதல் 60 கன அடி என்று போட்டிருக்கும். அது எதிரே எந்தத் தடையும் இல்லாதபோது. தூசி வலை, கண்ணாடி முகப்பு, ஒயர்க் கட்டு எல்லாம் குறுக்கே நிற்கும் கேபினெட்டில் அதில் பாதி, 27 கன அடி என்று எடுத்துக்கொள்கிறேன்.

அப்படியானால் ஒரு ஃபேன் மட்டும் உள்ள கேபினெட்டில் காற்று 19.1 டிகிரி சூடாகும். இரண்டில் 9.5. மூன்றில் 6.4. நான்கில் 4.8. ஃபேன் ஒன்று 700 ரூபாய் என்று கொண்டால், இரண்டாவது ஃபேன் 9.5 டிகிரியை மீட்கிறது. டிகிரிக்கு 74 ரூபாய். மூன்றாவது 3.2 டிகிரியை மீட்கிறது. டிகிரிக்கு 219 ரூபாய். நான்காவது 1.6 டிகிரி, டிகிரிக்கு 438 ரூபாய். உள்ளே வரும் காற்றெல்லாம் கார்டுக்குப் போவதில்லை என்பதால் நிஜத்தில் பலன் இதைவிடக் குறையலாம். ஆனால் சரிவின் போக்கு மாறாது. இரண்டாவது ஃபேன் அவசியம், மூன்றாவது நல்லது. அதற்கு மேல் வாங்குவதெல்லாம் வண்ண விளக்குக்காக.

கோளாறு கார்டுக்குள் என்றால் அடுத்தது தூசி. கார்டின் ஃபேன் மறைப்பைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்: ஹீட்சிங்க் தகடுகளின் விளிம்பில், ஃபேன் காற்றை ஊதும் பக்கமாக, சாம்பல் நிறத்தில் கம்பளித் துணிபோல ஒரு படலம் ஒட்டியிருக்கும். விரல் நுனியால் ஓரத்தைக் கிளப்பினால் முழுசாக உரிந்து வரும். தகடுகளுக்கு இடையே உள்ள வழி 1 முதல் 2 மில்லிமீட்டர்தான். இருபக்கமும் அரை மில்லிமீட்டர் படிந்தாலே 2 மில்லிமீட்டர் வழி பாதியாகிவிடும், 1 மில்லிமீட்டர் வழி அடைந்தே போகும். வெளியிலிருந்து புளோயர் அடிப்பவர்கள் இந்தப் படலத்தை இன்னும் உள்ளே தள்ளிவிடுவதும் நடக்கிறது. ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்; வடிவமைத்த வேகத்தைவிட வேகமாகச் சுழன்றால் பேரிங் கெடும். சமையலறைப் பக்கத்து அறையாக இருந்தால் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து தூசி பிசுபிசுப்பாக இருக்கும். அதற்குக் காற்று போதாது, பிரஷ் வேண்டும். செலவு 50 ரூபாய்.

தூசிக்குப் பிறகும் 0.33 இறங்கவில்லை என்றால் தெர்மல் பேஸ்ட்டுக்கு வர வேண்டும். கட்டுரையின் கனமான கணக்கு இதுதான்.

சிப்பின் முகமும் ஹீட்சிங்கின் அடியும் பார்க்க வழவழப்பாக இருந்தாலும் இடையில் நுண்ணிய பள்ளங்கள் உண்டு. அங்கே காற்று இருந்தால் வெப்பம் கடக்காது. காற்றின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு 0.026 வாட், நல்ல பேஸ்ட்டுக்கு 8, செம்புக்குச் சுமார் 400. காற்றைவிடப் பேஸ்ட் 300 மடங்கு மேல், செம்பைவிட 50 மடங்கு கீழ். ஆகவே பேஸ்ட்டின் வேலை காற்றை வெளியேற்றுவது மட்டுமே. அது மெல்லியதாக இருக்க வேண்டும்.

170 வாட்டில் சிப் மட்டும் 130 வாட் என்று வைத்துக்கொள்வோம். மீதி மெமரிக்கும் மின்னழுத்தப் பகுதிக்கும். பேஸ்ட்டின் கனம் 0.05 மில்லிமீட்டர், பரப்பு 276 சதுர மில்லிமீட்டர், கடத்துதிறன் 8 என்றால் பேஸ்ட்டைக் கடக்க ஆகும் செலவு 2.9 டிகிரி. எண்ணெய் பிரிந்து, காய்ந்து, வெடித்து, இடையில் காற்று புகுந்து அதன் மொத்தக் கடத்துதிறன் 1.8 ஆகக் குறைந்துவிட்டால் செலவு 13.1 டிகிரி. வித்தியாசம் 10.2 டிகிரி. 0.27-லிருந்து 0.33-க்குப் போன கார்டு இழந்தது ஏறத்தாழ அதேதான். நிஜக் கார்டில் 10-ல் 4 தூசிக்கும் 6 பேஸ்ட்டுக்கும் என்று பிரிந்திருக்கலாம்; ஆனால் பேஸ்ட் ஒன்றே முழு இழப்புக்கும் காரணமாக இருக்கப் போதுமானது என்பதைக் கணக்கு காட்டுகிறது.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. 8-க்குப் பதிலாக 12 கடத்துதிறன் உள்ள உயர்ரகப் பேஸ்ட் போட்டால் செலவு 2.9-லிருந்து 2.0 ஆகும். லாபம் 1 டிகிரிக்கும் குறைவு. திரவ உலோகம் என்று விற்பதன் கடத்துதிறன் 73 என்று விளம்பரம் செய்கிறார்கள். அதைப் போட்டால் செலவு 0.3 டிகிரி, லாபம் 2.6 டிகிரி. ஆனால் அதில் உள்ள காலியம் அலுமினியத்தை அரித்துவிடும். அது மின்சாரத்தையும் கடத்தும், ஒரு துளி பக்கத்தில் சிந்தினால் 29,500 ரூபாய் போய்விடும். காய்ந்த பேஸ்ட்டை மாற்றுவதில் கிடைப்பது 10 டிகிரி. விலை உயர்ந்த பேஸ்ட்டைத் தேடி அலைவதில் கிடைப்பது 1 டிகிரி. கடைக்காரர் காட்டும் எந்த நல்ல பேஸ்ட்டும் போதும்.

எவ்வளவு பேஸ்ட் வேண்டும்? 276-ஐ 0.05-ஆல் பெருக்கினால் 13.8 கன மில்லிமீட்டர். அடர்த்தி 2.5 என்று கொண்டால் 0.035 கிராம். பிதுங்கி வழிவதற்கும் கைப் பழக்கத்துக்கும் சேர்த்து எட்டு, ஒன்பது மடங்கு, 0.3 கிராம் வைத்தாலும் 4 கிராம் குழல் 13 கார்டுக்கு வரும். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு குழல் வாங்கலாம்.

வேலையில் கவனிக்க வேண்டியவை சில. கழற்றுவதற்கு முன் 5 நிமிடம் விளையாட்டை ஓட்டிச் சூடாக்கி, பிறகு அணைத்து ஒயரைப் பிடுங்க வேண்டும். குளிர்ந்த பேஸ்ட் பிசின்போல இறுகியிருக்கும், வம்பாக இழுத்தால் சிப்புக்குச் சேதம். ஹீட்சிங்கை முழுசாகத் தூக்கிவிடாமல் ஓரம் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் ஃபேனுக்குப் போகும் மெல்லிய ஒயர்கள் இன்னும் போர்டில் மாட்டியிருக்கும். சிப்பைச் சுற்றிப் பொதுவாக 4 ஸ்பிரிங் ஸ்க்ரூக்கள். கழற்றும்போதும் மாட்டும்போதும் எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றையும் அரைச் சுற்று வீதம் திருப்ப வேண்டும். ஒரு பக்கம் முதலில் இறுகினால் மறுபக்கம் தூக்கும். தூக்கிய இடத்தில் 0.05 மில்லிமீட்டர் காற்று நின்றாலும் அந்த இடத்தின் வெப்பத்துக்கு நேர்வழி அடைபட்டுவிடும். இதை வெளியே காட்டும் எண் ஹாட்ஸ்பாட், அதாவது சிப்பின் மிகச் சூடான புள்ளியின் வெப்பநிலை. சிப்பின் வெப்பநிலைக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் 10 முதல் 15 டிகிரி இடைவெளி சாதாரணம். 25-ஐத் தாண்டினால் பேஸ்ட்டோ, ஸ்க்ரூ இறுக்கமோ சரியில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

மெமரி சிப்புகளுக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே வைக்கும் தெர்மல் பேட் வேறு கணக்கு. ஆர்டிஎக்ஸ் 3060-ல் மெமரி சிப் 6. ஆர்டிஎக்ஸ் 3090-ல் 24, அதில் 12 போர்டின் பின்புறம். 3090-ன் மெமரி 110 டிகிரியில் வேகத்தைக் குறைக்கும் வகையைச் சேர்ந்தது. மெமரி சிப் ஒன்று 3 வாட், அதன் மேல் 1.5 மில்லிமீட்டர் பேட், பரப்பு 168 சதுர மில்லிமீட்டர் என்று கொண்டால், கடத்துதிறன் 3 உள்ள பேட்டில் 8.9 டிகிரி செலவு. 6 உள்ளதில் 4.5. பேஸ்ட்டைப் போல அல்லாமல் இங்கே தரம் கணிசமாகப் பேசுகிறது, ஏனெனில் கனம் 30 மடங்கு. ஆனால் தரத்தைவிட முக்கியம் கனம். 1.5 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் அமுங்காத 2 மில்லிமீட்டர் பேட்டை வைத்தால் ஹீட்சிங்க் சிப்பைத் தொடாது. பழைய பேட்டை வெர்னியரால் அளக்காமல் புதியதை வாங்கக்கூடாது. கிழியாமல் இருந்தால் 3060 போன்ற கார்டில் பழைய பேட்டையே திரும்ப வைப்பது மோசமான முடிவல்ல.

கிரிப்டோ நாணயச் சுரங்கத்தில் ஓடிய பழைய கார்டுகளை வாங்கியவர்களுக்கு ஒரு வகுத்தல். நாள் முழுக்க ஓடினால் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். தினம் 4 மணி நேரம் விளையாடினால் 1,460. ஆறு மடங்கு. 2021 தொடக்கத்திலிருந்து 18 மாதம் சுரங்கத்தில் ஓடிய கார்டு 13,140 மணி நேரம் கண்டிருக்கும். வீட்டுக் கணக்கில் அது 9 ஆண்டு. எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பர் 15-ல் சுரங்க முறையைக் கைவிட்ட பிறகு இத்தகைய கார்டுகள் பழைய சந்தைக்கு வந்தன. சுரங்கத்தில் சிப்பைவிட மெமரிக்குத்தான் பளு அதிகம். அப்படி வாங்கிய கார்டு என்றால் அளந்து பார்க்கவே வேண்டாம். பேஸ்ட், பேட் இரண்டையும் மாற்றிவிடுங்கள்.

ஸ்க்ரூ டிரைவரைத் தொட விரும்பாதவர்களுக்கும் வழி இருக்கிறது. மென்பொருளில் மின்வரம்பை 80 சதவீதமாக இறக்கினால் 170 வாட் 136 ஆகும். கெட்ட கார்டின் 0.33 கணக்கில் 56 டிகிரி உயர்வு 45 ஆகிவிடும். 11 டிகிரி லாபம், 0 ரூபாய் செலவு. வேகம் 20 சதவீதம் குறையாது. சிப்பின் மின்செலவு மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் கடிகார வேகத்தோடும் பெருகுவது. வேகம் ஏற மின்னழுத்தமும் ஏற வேண்டும் என்பதால் தோராயமாக வேகத்தின் கனத்தோடு ஏறுகிறது. 0.8-ன் கனமூலம் 0.93. ஆகவே கடிகார வேகம் 7 சதவீதம் குறையும். நொடிக்கு 60 ஃபிரேம் வந்த இடத்தில் 56 வரும். மின்னழுத்தத்தை மட்டும் 1.05 வோல்ட்டிலிருந்து 0.90-க்கு இறக்கி, வேகத்தை அப்படியே வைத்தாலும் இந்தக் கணக்குப்படி சிப்பின் மின்செலவு 26.5 சதவீதம் குறையும். எல்லாச் சிப்பும் அதைத் தாங்காது, சோதித்துப் படிப்படியாக இறக்க வேண்டும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 140 ஃபிரேம் வரைய விடுபவர்கள் அதில் 80-ஐ, 57 சதவீதத்தை, வீணாக வரைகிறார்கள். ஃபிரேம் வரம்பு 60 என்று போட்டாலே பலருக்குச் சூடு பிரச்சினை தீர்ந்துவிடும்.

மிச்சமாகும் 34 வாட் சின்ன எண் அல்ல. தினம் 4 மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 49.6 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 397 ரூபாய். ஏ.சி. அறையாக இருந்தால் அதே 34 வாட் வெப்பத்தை ஏ.சி.யும் வெளியேற்ற வேண்டும். அது தன் மின்செலவைப் போல 3.5 மடங்கு வெப்பத்தை அகற்றும் என்று கொண்டால் இன்னும் 14.2 யூனிட். மொத்தம் 63.8 யூனிட், 510 ரூபாய்.

ஃபேன் வேகத்தை ஏற்றுவதும் இலவசம்தான், ஆனால் அதன் விலை காதில் விழும். 60 சதவீதத்திலிருந்து 80-க்கு ஏற்றினால் காற்று 33 சதவீதம் கூடும், இரைச்சல் கணக்குப்படி சுமார் 6 டெசிபல் ஏறும். இன்னொரு குறிப்பு: பல கார்டுகளில் சிப் 50, 55 டிகிரியைத் தாண்டும் வரை ஃபேன் சுழலவே சுழலாது. அதைப் பழுது என்று எண்ணி கடைக்கு எடுத்துப் போக வேண்டாம்.

இந்தச் சிக்கல் முன்பைவிட இப்போது ஏன் கூடுதலாகத் தெரிகிறது? வீட்டுக்கு வாங்கும் நடுத்தரக் கார்டுகளின் மின்செலவு ஏறவில்லை. ஜிடிஎக்ஸ் 460 (2010) 160 வாட், 960 (2015) 120, 1060 (2016) 120, ஆர்டிஎக்ஸ் 2060 (2019) 160, 3060 (2021) 170, 4060 (2023) 115, 5060 (2025) 145. ஏழின் சராசரி 141 வாட். ஏறியது இரண்டு: உச்சியில் உள்ள கார்டுகளின் மின்செலவு, சிப்பின் பரப்புக்கு உள்ள வெப்பம். சூட்டுக்குப் பேர்போன ஜிடிஎக்ஸ் 480 (2010) 250 வாட், 529 சதுர மில்லிமீட்டர். சதுர மில்லிமீட்டருக்கு 0.47 வாட். ஆர்டிஎக்ஸ் 5090 (2025) 575 வாட், 750 சதுர மில்லிமீட்டர்; 0.77 வாட். 15 ஆண்டுகளில் 62 சதவீத ஏற்றம். 115 வாட் மட்டுமே எடுக்கும் 4060-க்கும் சிப் 159 சதுர மில்லிமீட்டர்தான் என்பதால் 0.72. மொத்தத்தில் குளிர்ந்த கார்டு, சதுர மில்லிமீட்டரில் சூடான கார்டு. அதே 0.05 மில்லிமீட்டர் பேஸ்ட் முன்பைவிட அதிக வெப்பத்தைக் கடத்த வேண்டியிருக்கிறது. காய்ந்தால் முன்பைவிட அதிகமாகக் காட்டிக்கொடுக்கிறது.

வீட்டில் சரிசெய்ய முடியாத பழுதும் உண்டு. ஏஎம்டி ரேடியான் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் 2022 டிசம்பர் 13-ல் 999 டாலருக்கு வந்தது, 355 வாட். நிறுவனத்தின் சொந்த வடிவமைப்பில் வந்த சில கார்டுகள் 110 டிகிரி ஹாட்ஸ்பாட்டைத் தொட்டன. 2023 ஜனவரியில் ஏஎம்டி காரணம் சொன்னது: ஒரு தொகுதி கார்டுகளில், சிப்பின் வெப்பத்தைப் பரப்பும் வேப்பர் சேம்பருக்குள் போதிய நீர் இல்லை. அதற்கு எந்தப் பேஸ்ட்டும் மருந்தல்ல. ஆகவே உத்தரவாதக் காலத்துக்குள் இருக்கும் கார்டைக் கழற்றாமல் முதலில் அளந்து, எண்களோடு சேவை மையத்துக்குக் கொண்டுபோவதே சரி. கழற்றியபின் உத்தரவாதம் செல்லாது என்று சொல்லப்படக்கூடும். பில்லோடு வந்த விதிகளை முதலில் படியுங்கள்.

இனி ரூபாய்க் கணக்கு. பேஸ்ட் 600, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 200, ஆக 800 ரூபாய்க்கு 10.2 டிகிரி, டிகிரிக்கு 78 ரூபாய். ஒரே ஃபேன் உள்ள கேபினெட்டுக்கு இன்னொரு ஃபேன் 700 ரூபாய்க்கு 9.5 டிகிரி, டிகிரிக்கு 74. இரண்டும் சேர்ந்து 1,500 ரூபாய், 19.7 டிகிரி. 29,500-ல் இது 5.1 சதவீதம். விலைகள் சென்னை ரிச்சி தெருவில் ஒன்று, இணையத்தில் ஒன்று என்று மாறும்; இரண்டு மடங்கானாலும் 10 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். மறுபுறம், சூட்டைக் காரணம் காட்டி 170 வாட் கார்டை 115 வாட் கார்டாக மாற்றினால் மிச்சமாவது 55 வாட், தினம் 4 மணி நேரத்தில் ஆண்டுக்கு 80.3 யூனிட், 642 ரூபாய். புதுக் கார்டு 30,000 ரூபாய் என்று கொண்டால் மின்சார மிச்சத்தில் அந்தப் பணம் திரும்ப 46 ஆண்டுக்கு மேல் ஆகும். புதிய கார்டு வாங்க வேறு நல்ல காரணங்கள் இருக்கலாம். சூடு அவற்றில் ஒன்றல்ல.

கணினி கட்டித் தரும் கடைகளுக்கு ஒரு வேண்டுகோள். விற்கும் நாளில் 20 நிமிடம் ஓட்டி, அறை வெப்பநிலை, கார்டு வெப்பநிலை, வாட், ஃபேன் வேகம் நான்கையும் பில்லின் பின்புறம் எழுதிக் கொடுங்கள். வாங்குபவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இந்த வாரம் அளந்து தேதியோடு குறித்துவையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே காட்சியில் மறுபடி அளந்து பாருங்கள். எண் 15 சதவீதம் ஏறியிருந்தால் பிரஷ்ஷை எடுங்கள். அதற்குப் பிறகும் இறங்காவிட்டால் பேஸ்ட்டை வாங்குங்கள்.